கால் தரையில் பட வேண்டும்

எல்.கே.ஜி. வகுப்பறை ஒன்றின் வாசலில் நின்று பார்க்க வாய்த்தால், பிள்ளைகளின் முகத்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டு மேசைக்கு அடியில் பாருங்கள். சில கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சிலர் ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் சிலர் நாற்காலியில் முட்டி போட்டபடி மேசைமேல் கவிழ்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். "ஒழுங்கா உட்காரு" என்று மிஸ் சொன்னதும் எல்லோரும் நிமிர்வார்கள். இரண்டு நிமிடத்தில் பழைய கோலம் திரும்பிவிடும். நாம் இதைச் சேட்டைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மையில் நாற்காலியோ மேசையோ உயரமாக இருக்கிறது. அந்தப் பிழையைப் பிள்ளை தன் உடம்பை வைத்துச் சரிசெய்துகொள்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது உடல் எடையில் ஒரு பங்கைப் பாதங்கள் தாங்குகின்றன. பாதம் தொங்கினால், தொங்கும் காலின் எடை தொடையின் அடிப்பக்கத்தில், முழங்கால் மடிப்பை ஒட்டி, இருக்கையின் முன்விளிம்பில் போய் அழுத்தும். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்லும் இடம் அது. கால் மரத்துப்போவதற்கு முன்பே பிள்ளை முன்னால் சறுக்கி வந்து அழுத்தத்தைக் குறைக்கப் பார்க்கும். முன்னால் வந்ததும் முதுகுக்குச் சாய்மானம் எட்டாது. இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சரியும், முதுகு கூனும். இப்படி இருக்கையில் உடம்பைச் சாயாமல் பிடித்துவைப்பதே வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் தனி வேலையாகிவிடுகிறது. பென்சில் பிடிக்கும் விரல்கள் துல்லியமாக அசைய வேண்டுமானால் தோள் நிலையாக இருக்க வேண்டும். தோள் நிலைக்க உடம்பு நிலைக்க வேண்டும். உடம்பு நிலைக்க அடியில் பிடிமானம் வேண்டும். 'ஆ' எழுத வராத பிள்ளைக்கு இன்னொரு பயிற்சி நோட்டு வாங்குவதற்கு முன், அதன் காலடியில் ஒரு பலகையைப் போட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்களின் நாற்காலியைச் சின்னதாக்கினால் குழந்தை நாற்காலி ஆகிவிடும் என்று பட்டறைகளில் நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் உடம்பு அப்படிச் சுருக்கப்பட்ட உடம்பு அல்ல. மூன்று வயதில் உட்கார்ந்த உயரம் மொத்த உயரத்தில் ஏறக்குறைய 57 சதவீதம். பெரியவர்களுக்கு 52 சதவீதம்தான். தலை பெரிது, கால் குட்டை. எடையில் பெரும்பகுதி மேலே இருப்பதால் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் நாற்காலியோடு கவிழ்ந்துவிடும். பின்னங்கால்கள் சற்றே வெளிப்பக்கம் விரிந்த நாற்காலிதான் இந்த வயதுக்கு ஏற்றது.

நம் வீடுகளில் யூனிஃபார்ம் எடுக்கும்போது ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்போம். "வளர்ற பிள்ளை" என்று சொல்லி ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, அடுத்த வருடம் பிரித்துவிடுவோம். இதே கணக்கைப் பள்ளிக்கூட நாற்காலிக்கும் போடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. யூனிஃபார்ம் பிள்ளையோடு யு.கே.ஜி.க்குப் போகும், நாற்காலி எல்.கே.ஜி. அறையிலேயே கிடக்கும். பிள்ளை வளர்கிறது, எல்.கே.ஜி. வளர்வதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு கூட்டம் வந்து அதில் உட்காரும். பெரிதாக வாங்கிய நாற்காலி பத்து வருடம் கிடந்தால், பத்துக் கூட்டத்துக்கும் பெரிதாகவே இருக்கும்.

சரி, எவ்வளவு உயரம்? உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளை எடுத்துக்கொள்வோம். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து உருவாக்கியவை அவை. அதன்படி ஆண் குழந்தையின் நடு உயரம் மூன்று வயதில் 96 செ.மீ., நான்கில் 103, ஐந்தில் 110. பெண் குழந்தைகள் ஏறக்குறைய 1 செ.மீ. குறைவு. இவை நடு அளவுகள் மட்டுமே. இயல்பாக வளரும் நான்கு வயதுப் பையன்களே 95 செ.மீ.யிலிருந்து 112 செ.மீ. வரை இருப்பார்கள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையிலான உயரம் மொத்த உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அதாவது ஒரே அறையில், ஒரே வயதில், ஒரு பிள்ளைக்கு 24 செ.மீ., பக்கத்துப் பிள்ளைக்கு 28 செ.மீ. ஒரே அளவு நாற்காலியை 40 வாங்கி அடுக்கினால், யாராவது ஒரு பக்கத்தார் கஷ்டப்பட்டே ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் பள்ளி நாற்காலிகளுக்கு ஈ.என். 1729 என்றொரு தரநிலை இருக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம். 80 முதல் 95 செ.மீ. உயரப் பிள்ளைகளுக்கு வெள்ளை: இருக்கை 21 செ.மீ., மேசை 40 செ.மீ. 93 முதல் 116 செ.மீ. வரை ஆரஞ்சு: இருக்கை 26, மேசை 46. 108 முதல் 121 செ.மீ. வரை ஊதா: இருக்கை 31, மேசை 53. வயது என்ற பேச்சே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இந்த அட்டவணையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஆரஞ்சு நாற்காலியில் 93 செ.மீ. பிள்ளையும் 116 செ.மீ. பிள்ளையும் உட்கார வேண்டும் என்கிறது. உயரத்தில் 23 செ.மீ. வித்தியாசம். குட்டையான பிள்ளைக்கு அதிலும் கால் தொங்கும். போதாக்குறைக்கு, நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் செருப்பையும் ஷூவையும் வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருகிறார்கள். ஒன்றிரண்டு செ.மீ. அதில் வேறு போய்விடுகிறது.

இருக்கை எவ்வளவு தாழ்ந்திருக்கலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 11 முதல் 13 வயது மாணவர்களை அளந்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. முழங்கால் மடிப்பு உயரத்தில் 88 முதல் 95 சதவீதத்துக்குள் இருக்கை இருந்தால் பொருத்தம் என்று அதில் வைத்துக்கொண்டார்கள். இப்படி அளந்தபோது, தனக்குப் பொருந்தும் நாற்காலியும் மேசையும் கிடைத்த மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நமக்கு வேண்டியது அந்த அளவுகோல்தான்: இருக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது. தாழ்ந்த இருக்கையில் பிள்ளை காலை நீட்டிக்கொள்ளும். உயர்ந்த இருக்கையில் அது தரையை நீட்டிக்கொள்ள முடியாது.

அளக்க ஒரு டேப்பைத் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். மணைப்பலகைகளையோ கெட்டி அட்டைப் புத்தகங்களையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிள்ளையை வெறுங்காலோடு அதில் உட்கார வையுங்கள். பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். தொடை மேலே தூக்காமலும் கீழே சரியாமலும் மட்டமாக இருக்க வேண்டும். அதுவரை அடுக்கைக் கூட்டிக் குறையுங்கள். அந்த அடுக்கின் உயரம்தான் இருக்கையின் உயர வரம்பு. அப்படியே கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடியுங்கள். மேசை அதற்குச் சமமாகவோ மூன்று நான்கு செ.மீ. மேலாகவோ இருக்கலாம். இருக்கையின் ஆழத்துக்கு விரலே போதும்: முதுகு சாய்மானத்தைத் தொடும்படி உட்கார்ந்தபின், இருக்கையின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்த நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கடையில் '2 முதல் 6 வயது வரை' என்று ஒட்டியிருக்கும் தாளால் ஒரு பயனும் இல்லை. இருக்கை உயரத்தைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை, டேப்பைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் கவனமாக இருப்பவர்கள்கூட மேசையில் கோட்டை விடுகிறார்கள். நம் சாப்பாட்டு மேசை 75 செ.மீ., நாற்காலி 45. இடைவெளி 30 செ.மீ. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி 20 செ.மீ. சுமார் இருந்தால் போதும். மேலே சொன்ன ஐரோப்பிய அளவிலும் 46-க்கு 26, அதே 20-தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு இருக்கையிலிருந்து 30 செ.மீ. மேலே மேசை வந்தால் அது அக்குளுக்குப் பக்கத்தில் நிற்கும். கையைத் தோளோடு தூக்கி வைத்துத்தான் எழுத முடியும். தாள் கண்ணுக்கு வெகு அருகில் வந்துவிடும். முட்டி போட்டு எழுதும் பிள்ளைகளின் ரகசியம் இதுதான்.

மேசையையும் கண்ணையும் சேர்த்துக் கவலைப்பட்டது புதிதல்ல. அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து 1867-ல் முடிவுகளை வெளியிட்டார். வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போவதைக் கண்டவர், மோசமான மேசைகளையும் போதாத வெளிச்சத்தையும் குற்றவாளிகளாக நிறுத்தினார். கிட்டப்பார்வைக்குப் பரம்பரையும் வெயில் வெளிச்சத்தில் விளையாடாததும் பெரிய காரணங்கள் என்று இன்று தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் 'அறிவியல் பெஞ்சு' கண்டுபிடிக்கும் போட்டியே நடந்தது. மேசையும் இருக்கையும் ஒன்றாகப் பிணைத்து, தரையோடு ஆணியடித்து, பிள்ளை நிமிர்ந்து உட்காருவதைத் தவிர வேறு வழியில்லாதபடி செய்தார்கள்.

அந்தப் பெஞ்சுகளைப் பார்த்துக் கொதித்தவர் மரியா மாண்டிசோரி. மருத்துவரான அவர் 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கியபோது, பெஞ்சையே உள்ளே விடவில்லை. முதுகு கோணாமல் இருக்கப் பிள்ளையைக் கட்டிப்போடும் பெஞ்சு தேவைப்படுகிறது என்றால், பிள்ளையை நாள் முழுக்க உட்காரவைக்கும் முறையே தவறு என்பது அவர் வாதம். நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லக்கூடிய லேசான மேசைகளைச் செய்வித்தார். நாற்காலி இடித்து விழுந்தால் சத்தம் வரும், வரட்டும் என்றார். தன் அசைவு எங்கே தப்பியது என்று பிள்ளைக்கு அந்தச் சத்தமே சொல்லிக்கொடுக்கும். இதே மாண்டிசோரி 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலுமாகப் பல வருடம் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று நம் ஊரில் தெருவுக்கு ஒரு 'மாண்டிசோரி' பலகை தொங்குகிறது. உள்ளே போனால் பல இடங்களில் பிள்ளைகளால் அசைக்கவே முடியாத நீளப் பெஞ்சு.

எடை விஷயம் அலங்காரப் பேச்சு இல்லை. நான்கு வயதுப் பிள்ளையின் நடு எடை 16 கிலோ. தேக்கில் 5 கிலோவுக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தால், அதை நகர்த்துவது 65 கிலோ ஆள் 20 கிலோ நாற்காலியை நகர்த்துவதற்குச் சமம். இரண்டு கிலோவுக்குள் இருந்தால் பிள்ளை தானே இழுத்துப் போட்டு, தானே அடுக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடலசைவோடு இருக்க வேண்டும், நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் வகுப்பறையின் நடுப்பகுதி காலியாக இருக்க வேண்டும். அதைக் காலி செய்கிற வேலையைப் பிள்ளைகளாலேயே செய்ய முடிய வேண்டும்.

நாற்காலியே வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில்தான் எழுதினார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் பெஞ்சுகள் வெளியேறின. பிள்ளைகள் பாயில் குழுக்களாக உட்கார்ந்தார்கள், டீச்சரும் அவர்களோடு தரையில். சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தரைக்கு ஒரு தனிச் சிறப்பு: அது எல்லா அளவுப் பிள்ளைக்கும் பொருந்தும், யாரும் அதிலிருந்து கீழே விழுவதில்லை. சம்மணம், ஒருக்களித்து, குந்தி என்று நொடிக்கொரு முறை மாறி உட்காரலாம். குறை ஒன்றுதான். எழுதும்போது நோட்டும் தரையில் இருந்தால் முதுகு வில்லாக வளையும். அதற்கு நம்மிடம் விடை ஏற்கெனவே இருக்கிறது: கணக்குப்பிள்ளைகள் மடிமுன் வைத்துக்கொண்டு எழுதிய சாய்வு மேசை. இந்திய மாண்டிசோரி வகுப்பறைகளில் 'சௌக்கி' என்று புழங்கும் தாழ்மேசையும் அந்த வகைதான். சம்மணமிட்ட முழங்கால் இடிக்காத உயரம் இருந்தால் போதும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: தரையில் உட்கார முடியாத, உட்கார்ந்தால் எழ முடியாத பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். பக்கங்களில் கைப்பிடியும் காலடியில் பலகையும் வைத்த நாற்காலி அந்தப் பிள்ளைக்கு அவசியம். டீச்சருக்கும்தான், ஐம்பது வயது முழங்காலை நாளெல்லாம் தரையில் மடக்கச் சொல்வது நியாயமில்லை.

இனி அலமாரி. என் கணிப்பில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் மிக முக்கியமான மரச்சாமான் இதுதான், மிக ஆபத்தானதும் இதுவே. பூட்டிய ஆளுயர பீரோவில் பொம்மைகளை வைத்துவிட்டு, பிள்ளைகள் தானாக எதையும் எடுப்பதில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. 100 செ.மீ. பிள்ளையின் கண் 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும். அலமாரியும் அதற்குள் இருந்தால் மேல்தட்டும் அதன் பார்வைக்கு எட்டும். டீச்சரும் அறையின் அந்தப்பக்கத்தைப் பார்க்கலாம். கதவு வேண்டாம்.

ஆபத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 90 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம், 20 கிலோ எடையில் ஒரு மரத்தட்டு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை மையம் முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கிறது. கவிழாமல் பிடித்து நிறுத்தும் திருப்பம் 20 பெருக்கல் 15, ஆக 300. இப்போது 16 கிலோப் பிள்ளை கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறி, மேல்தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்கிறது. அதன் எடை மையம் முன்விளிம்புக்கு 20 செ.மீ. வெளியே போனாலே 16 பெருக்கல் 20, ஆக 320. அலமாரி பிள்ளையின் மேல் விழும். பெரியவர் தள்ளிப் பார்த்துக் 'கல்லு மாதிரி நிக்குது' என்று சொன்ன அதே அலமாரி. இதற்கு மருந்து இரண்டு எல்-ஆங்கிளும் நான்கு ஸ்க்ரூவும்தான். சுவரோடு பிணைக்காத எந்த அலமாரியையும் வகுப்பில் வைக்கக்கூடாது. கனமான சாமான்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். கம்பித் தடுப்புகள், நாற்காலி முதுகுச் சட்டங்கள் ஆகியவற்றில் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்து இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்பது விளையாட்டுத் திடல் பாதுகாப்பு விதிகளில் வரும் கணக்கு. அதையும் டேப்பால் பார்த்துவிடுங்கள்.

பொருள் எதுவாக இருக்கலாம்? நம் வகுப்பறைகளில் தினம் தரை துடைக்கிறார்கள். பார்ட்டிகிள் போர்டில் செய்த மேசையின் கால் அந்தத் தண்ணீரைக் குடித்து ஒரே வருடத்தில் ஊதிப் பிளந்துவிடும். இரும்புப் பைப் கால்கள் உறுதியானவை. ஆனால் அடியிலுள்ள ரப்பர் புஷ் கழன்ற நாளிலிருந்து துரு ஏறும், தரை கீறும், காது கிழியும். நாற்பது நாற்காலி ஒரே நேரத்தில் டைல்ஸ் தரையில் இழுபடும் சத்தத்தில், மொழியை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு டீச்சரின் சொல் பாதி கேட்காது. உதிரி புஷ் ஒரு பாக்கெட் சேர்த்தே வாங்குங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். புது மேசையில் கண்ணைக் கரிக்கும் நெடியில் அதற்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வெக்கையும் ஈரமும் கூடக் கூடக் கசிவும் கூடும், அதாவது சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இது கூடுதல் கவலை. கசிவு குறைந்த ஈ1 அல்லது ஈ0 தரப் பலகையா என்று கேளுங்கள். வெட்டிய ஓரங்கள் திறந்து கிடக்காமல் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். சாமான்களைக் கோடை விடுமுறையிலேயே இறக்கி, ஜன்னல்களைத் திறந்து போட்டுவிடுங்கள். பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டோடு உரிந்து நிற்கும் பழைய குட்டி நாற்காலியை யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். நாற்காலி விளிம்பைக் கடித்துப் பார்க்கும் வயது இது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிற பெரியவர்களின் கண்ணைப் பறிக்கத்தான் வானவில் நிறங்களும் கார்ட்டூன் முகங்களும். 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில், சுவரெங்கும் படம் ஒட்டிய அறையில் பாடத்தின் மீதான கவனம் குறைந்தது, கற்றதும் குறைந்தது. அது சுவரைப் பற்றிய சோதனை, மேசையைப் பற்றியதல்ல. என்றாலும், மர நிறத்தில் மேசையை வைத்துவிட்டு வண்ணத்தைப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு விட்டுவிடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் முன்வருவதைப் பார்க்கிறோம். முதலில் தோன்றுவது பிளாஸ்டிக் நாற்காலிதான். பணம் குறைவு என்றால் என் வரிசை வேறு: நல்ல பாய், தாழ்மேசை, சுவரில் பிணைத்த 90 செ.மீ. அலமாரி, அப்புறம்தான் நாற்காலி. நாற்காலி வாங்குவதானால் இந்த வருடப் பிள்ளைகளை ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடக் கூட்டத்துக்கும் அந்தத் தாளே உதவும். பட்டறையில் மாதிரிக்கு ஒன்று செய்து வாங்கி, வகுப்பில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். பிறகு ஆர்டர் தாளில் 'எல்.கே.ஜி. நாற்காலி – 40' என்று எழுதாதீர்கள். 'இருக்கை உயரம் 22 செ.மீ. – 15, 26 செ.மீ. – 25' என்று அளவும் எண்ணிக்கையும் போட்டு எழுதிக் கொடுங்கள். வெட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே வேலைதான்.